மன்னாருக்கு வேண்டாத போத்தல்

வெள்ளாங்குளத்து உதிரிப்பாகக் கடையில் ஓர் உழவு இயந்திர ஓட்டுநரைச் சந்தித்தேன். டீசலின் தரம் பார்ப்பவர்போல் விரல் நுனிகளை ஓயாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். டீசலில் கலக்கும் மருந்துப் போத்தல்கள் இரண்டை நீட்டி, வாசித்துச் சொல்லக் கேட்டார்.

மழைக்காலத்தில் டீசலில் சேரும் நீரைப் பிரிப்பது ஒன்று. கடுங்குளிரில் டீசல் உறையாமல் காப்பது மற்றையது. பின்னது மன்னாருக்கு வேண்டாதது என்று மேடைக்குரலில் தீர்ப்பளித்தேன்.

அவர் விரல்கள் நின்றன.

“அப்ப டீசல் உறையுமோ, தம்பி?”

“ஓம் ஐயா, பனி நாடுகளில உறையும்.”

“கனடாவில மகன் பண்ணையில மெசின் ஓட்டினவன். டீசல் உறைஞ்சு மெசின் நிண்டதால வேலை போயிட்டுது எண்டான். நாப்பது வருசம் டீசலோட நிக்கிற எனக்கே பொய் சொல்லுறியோ எண்டு ஏசிப்போட்டன். அதுக்குப் பிறகு அவன் கதைக்கிறேல்லை.”

நான் வேண்டாததென்று தள்ளிய போத்தலையே அவர் வாங்கிக்கொண்டார்.