சொல்லிவிட்டு வெட்டுகிற ஆட்டம்

சதுரங்கப் பலகையில் காயை வைக்கும்போது எழும் ‘டொக்’ என்ற சத்தமும், பின்கட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த பருத்திக்கொட்டையின் எண்ணெய்க் கமறலும் என் நினைவில் ஒன்றாகவே கிடக்கின்றன. இன்றைக்கும் மாட்டுத் தீவனக் கடை எதையாவது கடந்து போனால் அந்தச் சத்தம் காதில் விழுந்துவிடுகிறது. முப்பதுகளின் நடுவில், கோயமுத்தூரில் பருத்தி வியாபாரம் செய்துவந்த அப்பாவின் வீட்டில், ஒன்பது வயதில் நான் கற்றுக்கொண்டது சதுரங்கமா பயமா என்று கேட்டால் எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

என்னோடு ஆடியவள் அக்கா நாச்சம்மாள். கலியாணம் நிச்சயமாகி வெளியே தலைகாட்டக் கூடாமல் அடைந்து கிடந்தவள், அப்பாவின் ஆட்டங்களைக் கதவிடுக்கில் பார்த்தே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் ஆடுவதில் ஒரு மரியாதை உண்டு. எதிராளியின் மந்திரியைக் குறிவைத்துக் காயை நகர்த்தினால் “மந்திரி பாத்துக்குங்க” என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வெட்டுவது திருட்டுக்குச் சமம். கோயமுத்தூர்க்காரன் நாய்க்குட்டிக்கும் ‘ங்க’ போடுவான் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். வெட்டப்போகிற காய்க்கும் போடுவான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அக்கா அந்த மரியாதையை எனக்காக எல்லாக் காய்களுக்கும் நீட்டிவிட்டிருந்தாள். வெறும் சிப்பாயைக் குறிவைத்தாலும் “பாத்துக்குங் கண்ணு” என்பாள்.

நான் பெரிய பயந்தாங்கொள்ளி. அதைக் கேட்டதும் குறி விழுந்த காயைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஓடிய அவசரத்தில், அது காத்துக்கொண்டிருந்த யானையோ குதிரையோ திக்கற்று நிற்கும். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். அடி விழக்கூடிய காயெல்லாம் ஆபத்தில் இருக்கிற காய் இல்லை, பின்னால் ஒரு துணை நின்றால் வெட்ட வருகிறவன்தான் யோசிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வாள். அடிக்க வருவது எத்தனை, காக்க நிற்பது எத்தனை என்று விரல்விட்டு எண்ணச் சொல்வாள். எண்ணுவேன். எண்ணி முடித்த பிறகும் பயம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்த வருஷம் ஊருக்குள் பிளேக் புகுந்திருந்தது. முதலில் வீட்டில் எலி செத்து விழும். பிறகு மனிதர்களுக்குக் காய்ச்சல் கண்டு அக்குளில் நெறி கட்டும். அதன் பிறகு பெரும்பாலும் பிழைப்பதில்லை. எலி விழுந்தால் அன்றைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போய்விட வேண்டும். அக்காவுக்கோ காரமடை மாப்பிள்ளையோடு நாள் குறித்தாகிவிட்டது. வீட்டைப் பூட்டினால் கலியாணம் நின்றுபோகும் என்பதால் அம்மா ஒரு சட்டம் போட்டாள். கலியாண வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. எலியைச் சொல்லியே தீர வேண்டுமானால் “பிள்ளையாரு வண்டி” என்று சொல்ல வேண்டும். “சொன்னா வந்துருங் கண்ணு, உங்கொக்கா கலியாணம் உன் வாயிலதான் இருக்குது” என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு வேறு சொன்னாள். ஆனால் குளிப்பாட்டும்போது என் அக்குளை அழுத்தி அழுத்திப் பார்ப்பாள். எதற்கென்று கேட்டால் தலையில் தண்ணீரை ஊற்றிவிடுவாள். பலகையில் சொல்லாமல் வெட்டினால் தப்பு, வீட்டில் சொன்னால் தப்பு. எதை நம்புவதென்று தெரியாமல், எலி விழுமோ என்று அந்த நாளெல்லாம் நான் கூரையின் மோட்டுவளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் மாப்பிள்ளையின் பெரியப்பா பந்தல் விஷயம் பேசக் காரமடையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். முன்கூடமான ஆசாரத்தில் அப்பாவும் அவரும் பேசிக்கொண்டிருக்க, அம்மா பலகாரம் எடுத்துக்கொண்டு போனாள். பின்கட்டில், மூட்டைகளுக்கு நடுவில் நானும் அக்காவும் ஆடிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அக்காவின் முதுகுக்குப் பின்னால், மூட்டைச் சந்திலிருந்து அது வந்தது. பட்டப்பகலில், ஆளைக் கண்டு ஓடாமல், கள் குடித்தவனைப் போலத் தள்ளாடி வந்தது. ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றியது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, காலை இழுத்துக்கொண்டு அடங்கிவிட்டது.

சொன்னால் அக்காவின் கலியாணம் போகும், சொல்லாவிட்டால் அக்காவே போய்விடுவாள் என்பது அந்த வயதிலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லாமல், கைக்குக் கிடைத்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டு, “பாத்துக்குங்க்கா” என்றேன்.

அக்கா குனிந்து பலகையை நிதானமாகப் பார்த்தாள். யானை, குதிரை, மந்திரி என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். “ஒண்ணுக்குமே அடியில்லியே கண்ணு” என்றபடி நிமிர்ந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். என் கண் போன திசையில் திரும்பினாள். நான் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அதை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தவள், நிச்சயமான பெண் போகக்கூடாத ஆசாரத்துக்கு நேராக நடந்துபோய், சம்பந்தி முன்னாலேயே சொன்னாள்:

“எலி உழுந்து போச்சுங்கப்பா.”

பிள்ளையாரு வண்டி என்றுகூடச் சொல்லவில்லை. அம்மா தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாரேனுங்க என்றுகூடச் சொல்லாமல் வண்டியேறினார்.

அன்றைக்கே துடியலூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளைக்குக் கிளம்பினோம். சாளை என்றால் கீற்று வேய்ந்த ஒற்றை அறை. மூட்டைகளை விட்டு வர மனமில்லாமல், தான் மட்டும் காவலுக்கு இருப்பதாக அப்பா அடம்பிடித்தார். எல்லோரும் ஏறிய வண்டியிலிருந்து அக்கா இறங்கினாள்.

“பருத்திக்கு நீங்க காவலுங்க. உங்களுக்கு ஆருங்கப்பா காவலு?”

அப்பா கதவைப் பூட்டிக்கொண்டு வண்டியேறினார். எதிர்வீட்டில் பண்ட பாத்திரத்துக்குக் காவலாகத் தங்கிய பெரியவர் அந்த மாதம் தாண்டவில்லை. சாளையில் நான் தினமும் யாருக்கும் தெரியாமல் என் அக்குளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பிறகு தூங்குகிற அக்காவின் மூச்சைக் கவனித்துக்கொண்டு கிடந்தேன். நெறி யாருக்கும் கட்டவில்லை. சபையில் வாய் திறந்த பெண் வேண்டாமென்று காரமடைச் சம்பந்தம் முறிந்துபோனது. அக்கா அதற்காக என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிறகு சூலூரில் வாக்கப்பட்டு நன்றாகத்தான் வாழ்ந்தாள்.

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் ஜவுளிக் கடை இருக்கிறது. எலி விழுந்தால் யாரும் ஊரைவிட்டு ஓடுவதில்லை, முறத்தில் அள்ளி வெளியே போடுகிறார்கள். பள்ளிக்கூடப் போட்டிகளுக்குப் போகும் என் பேரன், ஆடும்போது வாயைத் திறக்கவே கூடாது என்கிறான். குறிவைத்ததை எதிராளியிடம் சொல்வது பைத்தியக்காரத்தனமாம்.

போன ஆடியில் அக்கா படுத்த படுக்கையாக இருந்தாள். டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லக் கூடாதென்று அவளுடைய மக்கள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். அம்மா போட்ட அதே சட்டம். பார்க்கப் போன என்னிடம் அவள் பலகையை எடுக்கச் சொன்னாள். கட்டிலிலேயே பரப்பினோம். நான்கைந்து நகர்த்தலுக்குப் பிறகு, ஒன்றையும் குறிவைக்காத ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டு, “பாத்துக்குங்க்கா” என்றேன்.

அக்கா இந்த முறை பலகையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

“தெரியுங் கண்ணு” என்றாள். “நீ ஆடு.”

அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. “பாத்துக்குங்க்கா” என்று சொல்ல எனக்கு இப்போது ஆளில்லை.