நாலாவது இன்னிங்ஸிலிருந்து

முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் கஸ் ப்ரோகோப் ஒரே ஒரு நாள்தான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஆனால் அவர் வாயைத் திறந்தால் என்னவெல்லாம் வரும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மௌனம் எவ்வளவு பெரியது என்று தெரியாது.

நாங்கள் இருவரும் ஒஹாயோவில் ஒரே டெப்போவில் பஸ் ஓட்டினோம். செப்டம்பரிலேயே ஏரிக்காற்று காதைக் கடிக்கும் ஊர். அவருக்கு இருபத்திரண்டாம் நம்பர் வண்டி, எனக்கு நாற்பத்தொன்று. அவர் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்குப் பயணத்தோடு ஒரு கருத்தும் இலவசமாகக் கிடைக்கும். திங்கட்கிழமை என்றால் ஃபுட்பால் (பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால்), கோடைக்காலம் என்றால் பேஸ்பால். எங்கள் நகரத்து அணிகள் இரண்டும் அவருக்குக் கருத்துப் பஞ்சம் வரவிட்டதே இல்லை.

"ஃபுட்பாலுக்குப் புதுசா ஒருத்தனை வாங்கியாந்தாங்க பாரு வில்மா, வந்த நாள்லேர்ந்து புல்லுல படுத்தே கெடக்கான்" என்பார் என்னிடம். "எங்க வீட்டு நாய் சும்மாவே படுக்குது. அதுக்கு ஏஜென்ட்டும் கெடையாது."

இன்னொரு நாள் டிவி சந்தாவைப் பிடித்துக்கொள்வார். "ஒரே டீமைப் பாக்க அஞ்சு எடத்துல சந்தா கட்டணுமாம். தோக்கறதைப் பாக்கறதுக்கு எதுக்குத் துட்டு? எங்க கல்யாண வீடியோவைப் போட்டா சும்மாவே பாத்துக்கறேன்."

"அதுல தோத்தது நான்" என்று அவர் மனைவி ஆர்லீன் வீட்டுக்குள் இருந்தபடியே குரல் கொடுப்பாள்.

பேஸ்பாலில் பந்து வீசக் கடிகாரம் வைத்த வருஷம் அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இத்தனை செகண்டுக்குள்ள வீசணுமாம். இந்த உலகத்துல நேரம் என்னைத் தொரத்தாத எடம் அது ஒண்ணுதான் இருந்துது. அதையும் புடுங்கிட்டானுங்க" என்றார். அன்று நான் சிரித்தேன்.

அவருக்கு ஆகவே ஆகாத விஷயங்கள் இரண்டு. நன்றாக வீசிக்கொண்டிருப்பவனைக் கை களைத்துவிட்டது என்று பாதியில் வெளியே அழைக்கும் கோச் ஒன்று. "தொண்ணூறு பந்து போட்டா கை தேஞ்சிடுமா? ஒரு மனுஷன் ஆரம்பிச்சதை முடிக்க விடுங்கடா!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். மற்றொன்று, அடிபட்ட ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுக்கும் காயப் பட்டியல். "விலாவுல சுளுக்காம், பத்து நாள் லீவு! தும்மினான், முதுகு புடிச்சுக்கிச்சாம், இன்னும் பத்து நாள். வயித்துல கல்லோட வண்டி ஓட்டி ஒரு பஸ் ஆளுங்களையும் வேலைக்குக் கொண்டுபோய் விட்டவன்டா நான்."

அது உண்மைதான். சிறுநீரகக் கல்லோடு வெளிறிப்போய் அவர் டெப்போவுக்குத் திரும்பி வந்ததை நானே பார்த்தேன். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். தட்டியிருக்கக் கூடாது.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவருக்கு ஒரு கடைசி வரி உண்டு. "இவனுங்க ஒருநாள் என்னைக் கொல்லப் போறானுங்க, வில்மா."

"அதுக்கும் இவனுங்களுக்குத் தெறமை பத்தாது, கஸ்" என்பேன் நான். இந்த இரண்டு வரியையும் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வணக்கம் சொல்வதுபோல் ஆகிவிட்டது.

ரிட்டயர் ஆன பிறகு எல்லாம் அவருடைய கார் ஷெட்டில்தான். கார் வெளியே மழையில் நிற்கும். உள்ளே இரண்டு டிவிக்கள். செப்டம்பர் ஞாயிறுகளில் இடதுபக்கம் ஃபுட்பால், வலதுபக்கம் பேஸ்பால். நடுவில் கஸ்ஸின் ஆசனம். உடைப்புக்குப் போன இருபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் சீட்டைக் கேட்டு வாங்கிவந்து, தரையில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் டெப்போ மெக்கானிக் டெஸ்மண்ட். நான் டிவிக்களுக்கு ஓரமாக ஐஸ்பெட்டி மேல் உட்காருவேன், பீர் எடுத்துக் கொடுக்க வசதியாக. ஆட்டம் பார்க்க நான் கழுத்தைத் திருப்ப வேண்டும். நேராகப் பார்த்தால் தெரிவது கஸ்ஸின் முகம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் தொடங்கிய மூன்றாவது நிமிஷமே எங்கள் ஆள் பந்தைத் தவறவிட்டான். "கையில வெண்ணெய தடவிக்கிட்டா வந்தான்?" என்று கஸ் தொடங்கினார். அவர் நல்ல தெம்பாகத்தான் இருந்தார். அல்லது இருந்ததுபோல் இருந்தார்.

வலதுபக்கம் பேஸ்பாலில் ஹேஸ்லிப் என்ற புதுப்பையன் வீசிக்கொண்டிருந்தான். முதல் இன்னிங்ஸில் எதிரணிக்கு ஒரு ஹிட்டும் இல்லை, அதாவது ஒருவனும் அவன் பந்தை அடித்துவிட்டு ஓடி இடம் பிடிக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது நடக்கும்போது ஆர்லீன் சாஸேஜும் முட்டைக்கோஸும் ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவைத் திறந்து வந்தாள். மூன்றாவதிலும் ஹிட் இல்லை.

"ஆர்லீன், அங்கயே நில்லு!" என்று கஸ் திரும்பாமலே கத்தினார்.

"எதுக்குய்யா?"

"நீ வந்தப்ப என்ன நடந்துது பாத்தேல்ல? நகராத."

"எவ்ளோ நேரம் நகராம நிக்கறது?"

"அதைச் சொல்லக் கூடாது."

அவளும் எங்கள் ஊர்க்காரிதானே, புரிந்துகொண்டாள். சட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, கதவுப்படியிலேயே கஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

ஒரே ஆள் ஒன்பது இன்னிங்ஸும் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசி முடிப்பதற்கு ஒரு பெயர் உண்டு. அது நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. யாரும் இடம் மாறக் கூடாது. இருக்கிறபடியே இருக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு நாள், ஏழாவது இன்னிங்ஸில் டெஸ்மண்ட் ஒண்ணுக்குப் போக எழுந்தான். அடுத்த பந்திலேயே ஹிட். நவம்பர் கடைசி வரை கஸ் அவனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த ஞாயிறன்று கஸ்ஸுக்கு அறுபத்தாறு வயது. சொந்த அணி அதைச் செய்து முடிப்பதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒருமுறை நடந்தபோது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாராம்.

நாலாவது இன்னிங்ஸில் கஸ் பேச்சை நிறுத்தினார். இப்படிப்பட்ட ஆட்டத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம், அதனால் முதலில் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. பீர் எடுத்துக் கொடுக்கத் திரும்பினேன். அவர் இடது கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். ஷெட் கதவு திறந்திருந்தது, ஏரிக்காற்று எலும்பில் இறங்கியது, அவர் நெற்றியில் மட்டும் வியர்வை.

பீர் டப்பாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தாடையைத் தேய்த்துக்கொண்டார். நான் அவரையே பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். உதட்டில் விரலை வைத்தார். பிறகு கண்ணால் வலதுபக்க டிவியைக் காட்டினார். அவர் என்ன சொல்கிறார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வலிக்கிறது, இப்போது வேண்டாம், முடியட்டும்.

நான் தலையை ஆட்டினேன். இத்தனை வருஷம் டிரைவர் வேலை பார்த்தவள், மாரடைப்புக்கு முதலுதவி வகுப்பு ஆறுமுறை போனவள், தலையை ஆட்டினேன்.

ஐந்தாவது இன்னிங்ஸ். ஹிட் இல்லை. கஸ்ஸின் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்தது. வாயுத்தொல்லையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறாவது. ஹிட் இல்லை. டெஸ்மண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படியிலிருந்து ஆர்லீன், "கால் மரத்துப்போச்சுப்பா" என்று முனகினாள். "உஷ்" என்றான் டெஸ்மண்ட். அவளுக்கு அங்கிருந்து தெரிந்தது கணவனின் பின்மண்டையும் தொப்பியும்தான். கஸ் எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. அதே நிமிஷம், எழுந்தால் எல்லாம் போய்விடுமே என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. எனக்கும் அந்த ஆட்டம் வேண்டியிருந்தது.

ஏழாவது. ஹிட் இல்லை. நான் முகத்தை டிவிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

எட்டாவது இன்னிங்ஸில் ஒருவனை அவுட் ஆக்கியதும் கோச் மைதானத்துக்குள் நடந்து வந்தார். தொண்ணூற்றெட்டுப் பந்து ஆகியிருந்தது. ஹேஸ்லிப் தலையை ஆட்டி ஆட்டி ஏதோ கெஞ்சினான். கோச் அவன் தோளில் கை வைத்தார், ஏதோ சொன்னார், பந்தை வாங்கிக்கொண்டார். பையன் வெளியே நடந்தான்.

டெஸ்மண்ட் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் பறந்தது. "அடப் பாவி! இன்னும் அஞ்சே பேரு அவுட் ஆனாப் போதும்டா! அஞ்சே பேரு!" நானும் எழுந்துவிட்டேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். படியிலிருந்து ஆர்லீன், "இவனெல்லாம் ஒரு கோச்சா!" என்று கத்தினாள். ஆட்டம் கெட்டுவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் நகரலாம், பேசலாம்.

பிறகு மூவரும் கஸ் பக்கம் திரும்பினோம். அவருடைய முறை. எத்தனை வருஷமாக எதைச் சொல்லிக் கத்தினாரோ அது கண்ணெதிரே நடந்திருக்கிறது, இப்போது வரப்போகும் வசவு ஊர் முழுக்கக் கேட்கும் என்று காத்திருந்தோம். டெஸ்மண்ட் சிரிக்கக்கூடத் தயாராகிவிட்டான்.

கஸ் ஒன்றும் சொல்லவில்லை. கண் வலதுபக்க டிவியில் இருந்தது. கை மடியில் திறந்து கிடந்தது.

"கஸ்" என்றாள் ஆர்லீன். "யோவ் கஸ், ஏதாவது சொல்லுய்யா."

டெஸ்மண்ட் அவரைத் தூக்கித் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்கினான். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எட்டு நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். நாலாவது இன்னிங்ஸில் கூப்பிட்டிருந்தாலும் எட்டு நிமிஷத்தில் வந்திருப்பார்கள்.

செய்ய வேண்டியதெல்லாம் செய்து பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸில் வந்த பெண் குறிப்பேட்டை எடுத்தாள். "வலி எப்பலேர்ந்து இருந்துது?" என்று கேட்டாள்.

"நாலாவது இன்னிங்ஸ்லேர்ந்து" என்றேன். மணி என்னவென்று எனக்கு உண்மையாகவே தெரியாது.

அவள் அதிசயப்படவில்லை. வலதுபக்க டிவியை ஒரு பார்வை பார்த்தாள், மனதுக்குள் கணக்குப் போட்டாள். "அப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல" என்று சொல்லி எழுதிக்கொண்டாள். அவளும் எங்கள் ஊர்தான். கஸ்ஸின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த ஆர்லீன் அப்போது தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மாற்றாக வந்தவன் வீசிய இரண்டாவது பந்திலேயே ஹிட் விழுந்ததாம். சவ அடக்கத்துக்குப் பாதிப் பேர் அணிச் சட்டையில் வந்திருந்தார்கள். கோச்தான் கஸ்ஸைக் கொன்றார் என்பது அதற்குள் ஊர்க்கதை ஆகிவிட்டது. பையனை வெளியே கூப்பிட்டதும் கஸ்ஸின் நெஞ்சு வெடித்துவிட்டதாம். டெஸ்மண்ட் அப்படித்தான் சொல்கிறான், அப்படியே நம்புகிறான். ரேடியோவில்கூட ஒருவன் போன் போட்டுச் சொன்னான். கஸ்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான சாவு உண்டா என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

நானும் கூடவே தலையாட்டினேன். ஆனால் அந்தக் கோச்சை இன்றுவரை என்னால் திட்ட முடியவில்லை. அவர் செய்தது என்ன? ஒருவன் களைத்துவிட்டான் என்று தெரிந்ததும் எழுந்து போனார், தோளில் கை வைத்தார், போதும் என்றார். அவன் கெஞ்சியும் கேட்கவில்லை. அவர் அத்தனை தூரம் நடந்து போனார். எனக்கு நாலடி தூரம்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மதியம் ஆர்லீன் எங்களைக் கூப்பிட்டாள். ஷெட் கதவைத் திறந்து வைத்திருந்தாள். டெஸ்மண்ட் நாற்காலியை விரித்தான். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன்.

"ஒன் எடத்துலயே ஒக்காரு" என்றாள் ஆர்லீன்.

ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்தேன். அவள் போய்க் கஸ்ஸின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள், கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், டிவிக்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இங்கேருந்து பாத்தா நீ நல்லாத் தெரியற, வில்மா" என்றாள். "எனக்கு அவர் தலைதான் தெரிஞ்சுது. ஒனக்கு மொகம் தெரிஞ்சிருக்கும்ல?"

டெஸ்மண்ட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தெரிஞ்சுது" என்றேன்.

"ம்" என்றாள் அவள். "சரி, ஆட்டத்தைப் போடு."

போட்டேன். அன்றும் எங்கள் அணி தோற்றது. கடைசி வரை மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.