நூற்று நாலரைப் பாகையில் ஒரு துளை

கடைசல் பட்டறை அக்கா மூன்றாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. போனவர்கள் என்ன கிழித்தார்கள் என்பதை நாற்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். காலால் மிதித்து ஓட்டிய ஒற்றை இயந்திரத்தில் தொடங்கி மூன்று மோட்டார் ஓடும் பட்டறையாக வளர்த்தாள். யார் தயவும் இல்லை, யார் சிபாரிசும் இல்லை. பள்ளிகளில் வேதியியல் சொல்லித்தரப் பயன்படும் மரப்பந்துகள் அவள் கையில்தான் உருண்டு வந்தன.

அந்தத் தடவை வந்த ஆர்டர் நானூறு தண்ணீர் மூலக்கூறு. சிவப்புப் பந்து ஆக்சிஜன்; அதில் இரண்டு துளை; துளைக்கொரு குச்சி; குச்சி முனையில் வெள்ளைப் பந்து, ஹைட்ரஜன். சரக்கைச் சரிபார்க்க வந்த கல்வி அலுவலக அதிகாரி ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். இரண்டு பட்டம் வாங்கியவர். சட்டைப் பையில் மூன்று பேனா.

"ஏம்மா, கோணலா இருக்கே. பாடப்புத்தகப் படத்துல பாருங்க, எல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கு."

"அது எழுத வசதியாப் படுக்க வெச்சது சார். தண்ணி அப்படி நிக்காது."

"எல்லாத்தையும் மாத்திக் குடுங்க. இல்லேன்னா ஆர்டர் ரத்து."

உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த அவள் தம்பி அக்கா காதருகே வந்து குனிந்தான். அந்த ஆர்டர் போனால் அந்த வருடம் முழுக்க இரண்டு மோட்டார் தூங்க வேண்டியதுதான்.

"அக்கா, கேட்ட மாதிரியே குடுத்துடலாம். தண்ணி வந்து சண்டையா போடப் போகுது?"

"நானூறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தப்பாப் படிக்கும்டா. துளை போட்ட கை யாரோடது?"

முதன்முதலில் இந்த வேலை கொடுத்த கல்லூரி ஆசிரியை இரண்டு துளைக்கும் நடுவே நூற்று நாலரைப் பாகை என்றபோது, காரணம் தெரியாமல் கோணல் துளை போட மாட்டேன் என்று மல்லுக்கு நின்றவள் அக்கா. கேட்டு வாங்கிய காரணம் மறக்குமா?

"ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஆளுக்கொரு எலெக்ட்ரான் போட்டுப் பங்கு வெச்சுக்குது சார். அதுதான் இந்தக் குச்சி. பங்குல சேராத ரெண்டு ஜோடி எலெக்ட்ரான் ஆக்சிஜன் முதுகுல உக்காந்து நெருக்குது. அதனால ரெண்டு வெள்ளையும் ஒரு பக்கமா ஒதுங்குது. பங்கு வெச்சதையும் ஆக்சிஜன் தன் பக்கமே இழுத்துக்கும். அதனால ஒரு பக்கம் எதிர்மின், ஒரு பக்கம் நேர்மின். ஒண்ணோட தலை இன்னொண்ணோட காலைப் புடிச்சு இழுக்கும். நேரா நிமித்துனா ரெண்டு பக்கமும் சரிக்குச் சரியாயி அந்தப் புடிப்பு விட்டுடும். டம்ளர்ல நிக்காது, காத்தாப் போயிடும்."

"எனக்கே பாடமா?"

"பாடம் வேணாம். தண்ணி நேர்கோடுதான்னு இந்தத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒரே வாரத்துல நானூறையும் புதுசாத் துளைச்சுத் தரேன்."

மூன்று பேனாவில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. கையெழுத்து என்றதும் படித்ததெல்லாம் சந்தேகமாகிவிடும் வர்க்கம் அது. வாசலுக்குப் போய் யாருக்கோ போன் செய்தார். "அப்படியா... அப்படியா..." என்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்து, "சரி, அவசரம்ங்கறதால இந்த முறை விட்டுடறேன்," என்றார். பெரிய மனசு.

அக்கா விடவில்லை. கார்பனுக்கு வைத்திருந்த கறுப்புப் பந்தை எடுத்து, இரு பக்கமும் நேராகத் துளைத்து, பக்கத்துக்கு ஒரு சிவப்புப் பந்தை மாட்டினாள். மனிதன் வெளியே விடும் மூச்சில் இருக்கும் கரியமில வாயு அது.

"நீங்க ஆசைப்பட்ட மாதிரி நேரா ஒண்ணு சார். உங்க மேசைக்கு."

அவர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்.

மறுமாதம் அந்த அலுவலகத்துக்குப் போன தம்பி சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். "அக்கா, அதை மேசை மேல வெச்சுக் கீழ 'தண்ணீர்'னு எழுதி ஒட்டியிருக்காரு."

"கையெழுத்துப் போட்டிருக்காரா?"

"இல்ல."

அக்கா அடுத்த கட்டையை இயந்திரத்தில் மாட்டினாள். "அப்போ கெட்டிக்காரர்தான்," என்றாள்.