மலையிலிருந்து இறங்கி வந்தவள்

ஆடிக் கிருத்திகை வந்தால் வாசல் கதவைச் சாத்திவிடுகிறேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பெண்கள் திருத்தணி மலையிலிருந்து இறங்கி எங்கள் தெரு வழியாகத்தான் ரயிலடிக்குப் போவார்கள். பக்தியில்லாதவள் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்குப் பயம்.

எழுபதுகளில், நான் கல்யாணமாகி வந்த புதிதில், எதிர்வீட்டில் ஒரு நெசவாளர் இருந்தார். மறதி அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அதற்கொரு பெயர் உண்டென்று அப்போது யாருக்குத் தெரியும்? புத்தி பிசகிப்போச்சு என்றார்கள், அவ்வளவுதான். மனைவி தறியில் உட்கார்ந்தால்தான் அடுப்பு எரியும். அவள் உட்கார்ந்த நேரம் பார்த்து இவர் அரக்கோணத்துக்கு ரயிலேறக் கிளம்பிவிடுவார். பெண்டாட்டி தாய்வீடு போய்விட்டாளாம், கூட்டி வரவேண்டுமாம். உள்ளே அவள் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. தெருவே அவரைப் பங்கு போட்டுக்கொண்டது. காலையில் பூக்காரம்மா, மதியம் நான், சாயங்காலம் டீக்கடைக்காரர். எங்களுக்குள் ஒரே சட்டம்: அவரிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. சொன்னால் அழுவார், சில நாள் கையும் ஓங்குவார். டீக்கடைக்காரர் இதில் கில்லாடி. "ரயிலு வந்துகினு இருக்குது நைனா, அதுக்குள்ள ஒரு டீ குடி" என்பார். டீ முடிவதற்குள் ரயில் மறந்துபோகும். மனைவிக்கு மட்டும் அந்தப் பொய் வரவே வராது. "நான் இங்கதானே கீறேன், என்னைப் பாரு" என்று மன்றாடுவாள்.

பார்த்து என்ன? அவள் முகம் அவருக்கு எப்போதோ போய்விட்டது. பின்னல் மட்டும்தான் மிச்சம். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலைக் கையில் பிடித்துப் பார்த்ததும், "இன்னாமே, எப்ப வந்த?" என்பார். அதற்கப்புறம்தான் சோறு இறங்கும். அதற்காகவே பூக்காரம்மா தினமும் கனகாம்பரம் கொண்டுவந்து அந்தப் பின்னலில் வைத்துவிட்டுப் போவாள்.

இவ்வளவும் தெரிந்த எங்களுக்கு, அவர் குணமாக முடி காணிக்கை வேண்டிக்கொண்டிருப்பதாக அவள் சொன்னபோது ஒன்றும் உறைக்கவில்லை. திருத்தணிக்காரர்களுக்கு மொட்டை போடுவது முகம் கழுவுவது மாதிரி. முருகன் கைவிடமாட்டான் என்று சிரித்த முகமாக அனுப்பிவைத்தோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அன்று மதியம் அவரோடு அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். சந்தனத் தலையோடு அவள் தெருமுனையில் திரும்பியபோதுதான் எனக்கு அந்தப் பின்னல் ஞாபகம் வந்தது. அவள் முகமெல்லாம் பூரிப்பு. நேரே வந்து விபூதியை நீட்டினாள்.

அவர் எழுந்து நின்று கும்பிட்டார். "யாருக்கும்மா வேண்டுதல்?"

"எங்க வூட்டுக்காரருக்கு" என்றாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"கவலைப்படாதீங்க. சரியாப் பூடும்."

ஆயுசு முழுக்க அவளை 'இன்னாமே' என்று கூப்பிட்டவர் வாயில் 'ங்க' வந்தது. அவள் கை தன்னால் பின்கழுத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் பொஞ்சாதியும் மலைக்குத்தான் போயிருக்குதுங்க. நீளமா ஜடை போட்டிருக்கும். வழியில பாத்தீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"ஆங், பாத்தேங்க. வந்துகினு இருக்காங்க" என்றாள். "அதுக்குள்ள நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க."