சொர்ணம்மாளின் மூன்று பத்தியங்கள்

ரங்கூனில் பசுண்டாங் ஓடைக்கரையில் இருந்த அரிசி மில் ஒன்றில் மூட்டை வாய் தைக்கும் பெண்கள் பதினாறு பேர். அவர்களில் சொர்ணம்மாளின் கை தனி. கோணி ஊசியை ஒரு முறை குத்தி இழுத்தால், அடுத்த தையலுக்கு அது தானே வழி தெரிந்து போவதுபோல் இருக்கும். பதினெட்டு வயதில் புருஷன் மாரிச்சாமியோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி ரங்கூனுக்கு வந்தவள் அவள். பன்னிரண்டு வருஷமாக அதே மில், அதே கொட்டகை, தூணோரமாக அதே இடம்.

1925ஆம் வருஷத்து மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கொயினா மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் போகும்போது எதையோ சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரவெல்லாம் தூங்கி எழுந்தாலும், இரவெல்லாம் மூட்டை சுமந்தவள்போல உடம்பு கனக்கும். தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியில் இறக்கிவிடத் தோன்றும். நெல் அறுவடை முடிந்து அடுத்த வருஷம் தையில் மில் திறந்தபோது வேலைக்குப் போய்ப் பார்த்தாள். மாசி பிறப்பதற்குள் ஊசி கையிலிருந்து நழுவி நழுவி விழ, வீட்டோடு நின்றுவிட்டாள். மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நோய் ஒன்றும் இல்லை என்றார்.

ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகு அக்கம்பக்கத்தார்க்கு என்ன? சிலர் கண்ணேறு என்றார்கள். சிலர் காற்று கருப்பு என்றார்கள். பலர் வாயால் சொல்லாமல் நினைத்தது, சோம்பேறித்தனம் என்று. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

மாரிச்சாமி துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவன். கெட்டவன் இல்லை. ஆனால் இரண்டு பேர் உழைத்து நடந்த குடும்பத்தை ஒருவனாக இழுத்து அலுத்திருந்தான். ஆவணி மாதத்தில் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவியபடியே சொன்னான்.

"ஏ புள்ள, தை பொறந்ததும் ஒன்னை ஊருக்குக் கப்பலேத்தி விட்டுர்றேன். அண்ணன் வீட்டுல ஒரு வருஷம் இருந்து உடம்பத் தேத்திக்கிட்டு வா."

"ஒங்க அண்ணன் வீட்டுல அஞ்சு மாடு நிக்கிது. என்னை உக்கார வச்சுச் சோறு போடவா கூப்பிடுறாங்க?"

"இங்க இருந்து மட்டும் என்ன பண்ணப் போற? மில்லுல அப்பாசாமி மேஸ்திரி ஒன் எடத்துக்கு வேற ஆள் பாக்குறாராம்."

உடம்பு தேறட்டும் என்று அவர்கள் குடியிருந்த கட்டடத்திலிருந்து கப்பல் ஏற்றப்பட்ட இரண்டு பெண்களைச் சொர்ணம்மாளுக்குத் தெரியும். இரண்டு பேருமே திரும்பி வரவில்லை. ஒருத்தியின் அறையில் இப்போது வேறொருத்தி சமைக்கிறாள்.

"தையில மில்லு தொறக்கும். மேஸ்திரி என்னைச் சேத்துக்கலைன்னா நானே பொட்டியக் கட்டுறேன். சேத்துக்கிட்டா, கப்பல்ங்கிற பேச்சு இந்த வீட்டுல வரக் கூடாது. சரிதானா?"

மாரிச்சாமி சரி என்றான். மேஸ்திரி எங்கே சேர்க்கப்போகிறார் என்ற எண்ணந்தான்.

மறுநாளே அவள் கியாக்டடாப் பக்கம் ஒரு சந்தில் மருந்துக்கடை வைத்திருந்த சபாபதி வைத்தியரைப் பார்க்கப் போனாள். அவர் நாடி பிடித்துப் பார்த்து, ரத்தம் சுண்டிப்போன சோகை என்று சொல்லி, தேனில் குழைத்துச் சாப்பிட அயச்செந்தூரம் மடித்துக் கொடுத்தார்.

"நாப்பது நாள்ல குணம் தெரியும்மா."

"எப்படித் தெரியும், வைத்தியரே?"

"என்ன கேள்வி இது? ஒடம்பு ஒன்னோடது. ஒனக்கே தெரியும்."

இந்தப் பதில் சொர்ணம்மாளுக்குப் போதவில்லை. அவர்கள் குடியிருந்தது மூன்றாம் மாடியில். வளைவு இல்லாமல் ஏணிபோல நேராக ஏறும் நாற்பத்தெட்டுப் படிகள். தண்ணீர்க்குழாய் கீழே. தினமும் காலையில் நிறைகுடத்தோடு ஏறும்போது மூச்சு வாங்கி, முதல் தடவையாகக் குடத்தை எங்கே இறக்கி வைக்கிறாளோ, அந்தப் படிக்கு நேராகச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள். முதல் கோடு இருபத்தேழாம் படியில் விழுந்தது. கீழ்வீட்டுச் சின்னத்தம்பி அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மாரிச்சாமி அண்ணனை அடிச்ச அடியெல்லாம் எழுதி வக்கிறியா?" என்று கேட்டான். அவள் சிரிக்கக்கூடப் பலமில்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

பத்து நாள் போனது. பக்கத்து அறை ஜைனப் சும்மா இருக்கவில்லை. ஜைனப்பின் தகப்பனார் நாகூர்க்காரர், தாய் பர்மியப் பெண். ஜைனப் தெருமுனையில் மொஹிங்கா விற்கிறவள். காலையில் மீன்குழம்பும் சேமியாவும் அவளிடம் வாங்கிச் சாப்பிடாமல் அந்தத் தெருவில் யாரும் வேலைக்குப் போவதில்லை. அவள் சொர்ணம்மாளைக் கெமண்டைனில் இருந்த ஒரு பர்மிய வைத்தியரிடம், அவர்கள் சொல்வதுபோல் ஒரு சயாவிடம், இழுத்துக்கொண்டு போனாள். அந்தச் சயா மருந்தை அதிகம் நம்புகிறவர் அல்லர். எல்லாம் சாப்பாட்டு வைத்தியம். பிறந்த கிழமையைக் கேட்டு, அந்தக் கிழமைக்கு ஆகும் பண்டம், ஆகாத பண்டம் என்று பிரித்துச் சொல்வார்.

"என்ன கெழமையில பொறந்தேன்னு கேக்குறாருடி."

"விசாகம், ஜைனப்பக்கா."

"நட்சத்திரத்தை வச்சுக்கிட்டு அவரு என்ன பண்ணுவாரு? கெழமையச் சொல்லு!"

"கெழமை யாருக்குத் தெரியும்? அம்மனுக்குக் கூழு ஊத்துன அன்னிக்குப் பொறந்தேன்னு ஆத்தா சொல்லும்."

"கூழு என்னிக்கு ஊத்துவீங்க?"

"எங்கூருல ஞாயித்துக்கிழமை."

"அப்பச் சரி. நீ ஞாயித்துக்கிழமைக்காரி" என்று ஜைனப் தீர்ப்புச் சொல்லி, சயாவுக்குப் பர்மியில் அப்படியே சொன்னாள்.

இது போதாதென்று மாரிச்சாமியோடு சரக்கேற்றும் ஒருவன், மதராஸிலிருந்து வந்ததென்று சிங்கப்படம் ஒட்டிய ஒரு மருந்துப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தான். கூடவே நாலாக மடித்த ஒரு காகிதமும் இருந்தது. படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அதிலும் பாதிக்கு மேல் பத்தியந்தான்.

இங்கேதான் சொர்ணம்மாள் தவறினாள். மருந்து தப்பினாலும் பத்தியம் தப்பக் கூடாது, பத்தியம் முறிந்தால் உண்ட மருந்தே விஷமாகிவிடும் என்பது அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு. ஒரு பத்தியத்தையே சரியாகக் காப்பவர்கள் குறைவு. அவளோ மூன்றையும் சேர்த்துக் காத்தாள். வைத்தியர் புளி, கத்தரிக்காய், கடுகு, கருவாடு ஆகாது என்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்காரிக்குப் பால், நெய், கீரை, நீர்க்காய் ஆகாது என்றார் சயா. சிங்க மருந்தின் காகிதம் உப்பையும் வெங்காயத்தையும் மிளகாயையும் எல்லாப் பருப்பு வகைகளையும் தள்ளிவைத்தது. யார் எதை வேண்டாம் என்றாலும் அவள் அதை விட்டாள். கடைசியில் மிஞ்சியது உப்பில்லாத அரிசிக் கஞ்சி. மூன்று வேளையும் அதைத்தான் முகம் சுளிக்காமல் குடித்தாள். எதிலும் குறை வைக்காதவள் என்ற திருப்தி வேறு.

ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை, படியில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றல் நின்றதும் எண்ணிப் பார்த்தாள். பதின்மூன்றாம் படி. சுவரைப் பார்த்தாள். கோடுகள் இருபத்தேழில் தொடங்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக, அவளை நோக்கி இறங்கி வந்திருந்தன. வைத்தியரின் பத்தியம் ஒன்றை மட்டும் காத்த முதல் பத்து நாளில் அவை இறங்கவில்லை.

மேலேயிருந்து குழம்புப் பானையோடு ஜைனப் வந்தாள்.

"என்னடி நடுப்படியில? எனக்கு யாவாரத்துக்கு நேரமாச்சு."

"அக்கா, நோயா என்னை இப்படி ஆக்குச்சு, வைத்தியமா?"

ஜைனப் பானையை இறக்கி வைத்தாள். "காலையில என்ன குடிச்ச?"

"கஞ்சி."

"நேத்து ராத்திரி?"

"கஞ்சி."

"அல்லாவே! சயா ஒன்னைப் பட்டினி கெடக்கவா சொன்னாரு?"

"இல்லக்கா. யாருமே சொல்லல. நானாத்தான் கெடந்தேன்."

அதைச் சொல்லும்போதே அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவளை எழுப்பி நிறுத்தியது. அன்று மத்தியானமே வெளியே கிளம்பினாள். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து வைத்தியர் கடையை அடைந்தாள்.

"வைத்தியரே, எதைச் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னீங்க. எதைச் சாப்பிடணும்?"

சபாபதி வைத்தியருக்கு ஆகாதவற்றின் பட்டியல் மனப்பாடம். ஆகும் பட்டியலை இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முருங்கைக்கீரை... கரிசலாங்கண்ணி... நெய், பால், நெல்லிக்காய். ஆமாம், நெல்லிக்காய்" என்று யோசித்து யோசித்துச் சொன்னார். அடுத்த நாள் ஜைனப்போடு போய்ச் சயாவிடமும் அதையே கேட்டாள். அவர் எள்ளும் கருப்பட்டியும் ஆற்றுமீன் சாறும் சொன்னார். உச்சிவேளையில் அரைமணி நேரம் கண்ணை மூடிப் படு, அதுவும் ஒரு சாப்பாடுதான் என்றார். சிங்கத்தைக் கேட்க வழியில்லை. அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பிறகு ஒரு சமயத்தில் ஒரு வைத்தியந்தான். இருபது நாள் செந்தூரமும் கீரையும் நெய்யும். கோடு இருபத்துநாலுக்கு ஏறியது. அடுத்த இருபது நாள் எள்ளும் மீன்சாறும் மத்தியானப் படுக்கையும். முப்பத்துமூன்று. வைத்தியர் தம் மருந்துதான் இப்போது வேலை செய்கிறது என்றார். ஜைனப் சயாவின் புகழ் பாடினாள். இரண்டில் எது என்று சொர்ணம்மாளால் சொல்ல முடியவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. மிச்சமிருந்த நாட்களில் இரண்டு பேரும் தின்னச் சொன்னதைச் சேர்த்துத் தின்றாள். கோடு நாற்பத்தொன்று வரை போய் நின்றது. அதற்கு மேல் ஏறவே இல்லை. முழுக்குணம் இல்லை என்பதை அவள் ஒளிக்கவில்லை. இந்த உடம்போடுதான் இனி வேலை என்று தீர்மானித்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து மில் திறந்த அன்று, சங்கு ஊதுவதற்கு அரைமணி முன்னதாகவே கொட்டகையில் நின்றாள். அப்பாசாமி மேஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"வாம்மா மகராணி. படுத்து எந்திரிச்சு வர ஒரு வருசமாச்சோ?"

"மேஸ்திரி, சங்குக்கு முந்தி அரைமணி நேரம் தைக்கிறேன். மத்தியானம் சோத்து நேரத்துக்குப் பெறகு அரைமணி படுப்பேன். ரெண்டும் சரியாப் போகும்."

பெண்கள் சிரித்தார்கள். காளியம்மா என்ற புதியவள் தூணோரத்து இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"படுக்கிறதுக்கு இதென்ன ஒன் மாமியா வீடா?" என்றார் மேஸ்திரி.

"சாயங்காலம் மூட்டையப் பாருங்க. கொறஞ்சிருந்தா நானே போயிர்றேன்."

மேஸ்திரி வாசல் பக்கம் ஓர் இடத்தைக் காட்டினார். வெயில் படும் இடம். அவள் உட்கார்ந்தாள். முதல் மணி நேரம் விரல்கள் கட்டைபோல இருந்தன. பிறகு ஊசி பழைய வழியைப் பிடித்தது. வேகத்தைக் கூட்டவேண்டும் என்ற ஆசை வந்தபோதெல்லாம் அடக்கிக்கொண்டாள். ஒரே சீராகத் தைத்தாள். மத்தியானம் டப்பாவிலிருந்து எள்ளுருண்டையைத் தின்று, வெறும் சாக்குக் குவியலின்மேல் முந்தானையை முகத்தில் போட்டுப் படுத்தாள். யாரோ ஏதோ சொன்னார்கள். கேட்கவில்லை, தூங்கிவிட்டாள். யாரும் எழுப்பாமல் தானே எழுந்தாள்.

மூன்று மணிக்கு மேல் மற்றவர்களின் கை தளர்ந்தது. அவளுடைய கை தளரவில்லை. வேகமும் கூடவில்லை.

சாயங்காலச் சங்கு ஊதியதும் மேஸ்திரி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் மூட்டைகளுக்கு முன்னால் நின்று, ஒரு தையலுக்குள் சுண்டுவிரலை விட்டு இழுத்துப் பார்த்தார். சணல் இளகவில்லை. எண்ணிக்கையில் முதலாவது இல்லை, நாலாவது. அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. மறுநாள் வரவேண்டியவளுக்கு மேஸ்திரி முதல்நாள் மாலையே சணல் உருண்டையைக் கையில் கொடுத்துவிடுவார். கிடைக்காதவள் வரவேண்டாம். வாயால் யாரிடமும் சொல்வதில்லை.

அப்பாசாமி அவளைக் கடந்து இரண்டடி போய்விட்டார். பிறகு திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். கையில் சணல் உருண்டை.

"அரைமணின்னா அரைமணிதான். அதுக்கு மேல தூங்குனா மேல தண்ணி ஊத்துவேன்."

"ஊத்துங்க, மேஸ்திரி."

வீட்டில் மாரிச்சாமி அவளுக்கு முன்பே வந்திருந்தான். என்ன ஆயிற்று என்று கேட்கத் தயங்கி, அடுப்பைப் பற்றவைப்பதுபோல் குனிந்திருந்தான். சொர்ணம்மாள் சணல் உருண்டையை அவன் முன்னால் வைத்தாள்.

"நாளைக்குச் சங்குக்கு அரைமணி முந்திப் போகணும். கருக்கல்ல நீங்க எந்திரிச்சுத் தண்ணி கொண்டாந்துருங்க. என் பலம் அங்க வேணும்."

மாரிச்சாமி வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு அப்போதே கீழே இறங்கினான்.