டாக்சி நின்ற இடத்தில் எழுந்த வீடு

சிலிம் ரிவர் பக்கத்திலிருந்த நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது எனக்கு இரண்டு பிள்ளைகள். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடப் போவதாகவும், அதற்கு எங்களில் பாதிப் பேர் போதும் என்றும் வாங்கியவர்கள் சொன்னார்கள். என் கணவர் தோட்டத்து லாரியை ஓட்டியவர். லைசன்ஸ் கையில் இருக்கிறது, ஈப்போவுக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். எழுபதுகளின் நடுவில் ஈப்போவுக்கு வந்தோம். அவருக்கு ஒரு சீன முதலாளியின் டாக்சி கிடைத்தது. எங்களுக்குப் புந்தோங்கில் ஒரு பலகை வீட்டின் பின்னறை கிடைத்தது. பெரிய மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். மண்ணெண்ணெய் அடுப்பை மேசைமேல் ஏற்றி, கணுக்கால் தண்ணீரில் நின்று சமைத்திருக்கிறேன்.

ரயில் நிலையத்தை ஒட்டி, கார்கள் நிறுத்துவதற்கென்று ஒரு பெரிய திடல் இருந்தது. அதன் ஓரத்தில் மழைமரங்களின் நிழலில் டாக்சிகள் வரிசையாக நிற்கும். மெயில் ரயில் வந்து நின்றால், பெட்டியும் கூடையுமாக ஆட்கள் நேரே அந்த வரிசைக்குத்தான் வருவார்கள். அந்த வரிசையில் ஓர் இடம் கிடைக்க என் கணவர் ரொம்ப நாள் காத்திருந்தார். கிடைத்த பிறகு அதை ஒரு சொந்த நிலம் மாதிரி பேசுவார்.

ஒருநாள் அந்தத் திடலில் ஓர் அறிவிப்புப் பலகை நட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார்.

"கார் நிக்கிற எடத்துல வாடகை வீடு கட்டப் போறானுங்களாம். மாடி மாடியா."

"யாருக்கு?"

"யாருக்கோ. நாங்க எங்க போயி நிக்கிறது, அதக் கேளு."

நான் அதைக் கேட்கவில்லை. "நம்மளப்போல ஆளுங்களுக்கும் குடுப்பாங்களா?" என்று கேட்டேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

டாக்சிக்காரர்கள் கூட்டமாக நகர அலுவலகத்துக்குப் போனார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும்தான். அங்கே இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழர். எல்லோரையும் உட்காரவைத்துப் படத்தை விரித்துக் காட்டினாராம். "இங்க பாருங்கோ, கீழ வெறும் தூண்தான். கார் எல்லாம் கீழ நிக்கலாம். வீடு மேலதான் வருது. கட்டி முடியும்வரைக்கும் றோட்டுக்கு அங்கால நில்லுங்கோ." எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு, ரெண்டு வருசம் எண்டு வையுங்கோ என்றிருக்கிறார். என் கணவர் அவர் பேசியது போலவே எனக்குப் பேசிக் காட்டினார். ஆள் நல்ல ஆளாகத்தான் தெரிகிறார், ஆனால் ஒருநாளும் டாக்சி ஓட்டியிருக்கமாட்டார் என்றார்.

சொன்னபடி நடக்கவில்லை. முதலில் பைலிங் வேலை, அதாவது சிமெண்டுத் தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்கும் வேலை தொடங்கியது. ஈப்போவில் மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை. பாறைக்குள் எங்கே பொந்து இருக்கிறது என்று மேலே இருப்பவனுக்குத் தெரியாது. அடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு ஆள் உயரம் வெளியே நின்ற ஒரு தூண் திடீரென்று சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் இன்னொன்று அடித்தார்கள். அதுவும் போனது. வேலையை நிறுத்திவிட்டார்கள். திடலைச் சுற்றித் தகரம் அடைத்தது அடைத்தபடியே கிடந்தது. உள்ளே லாலாங் புல் ஆளுயரம் வளர்ந்தது. காரும் நிறுத்த முடியவில்லை, வீடும் வரவில்லை.

டாக்சிகள் சாலைக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றன. மூட்டையோடு இறங்குகிறவர்கள் சாலையைக் கடந்து வரமாட்டார்கள். பெர்மிட் இல்லாத சொந்தக் கார்க்காரர்கள் நிலையத்து வாசலிலேயே அவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். என் கணவர் பாதி நாள் வெறும் வண்டியில் உட்கார்ந்துவிட்டு வருவார். நான் இரண்டு வீடுகளில் துணி துவைத்தேன்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் வேறொரு குத்தகைக்காரர் வந்தார். அவருடைய ஆட்கள் பொந்துகளில் சிமெண்டுக் கரைசலை ஊற்றி நிரப்பி, மறுபடி வேலையைத் தொடங்கினார்கள். கல், மணல் சுமக்கப் பெண்கள் வேண்டும் என்று துணி துவைக்கிற இடத்தில் கேள்விப்பட்டேன்.

"ஊர்ல வேற எடமே இல்லியா ஒனக்கு?" என்றார் அவர்.

"இருந்தா சொல்லுங்க, போறேன்."

மறுநாள் காலையில் அவரே டாக்சியில் கொண்டுவந்து, கட்டடத்துக்கு முந்தின சந்தியில் என்னை இறக்கிவிட்டார்.

அங்கேதான் எனக்கு ஆ சோ பழக்கமானாள். எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சீனத்தில் அண்ணி என்று அர்த்தம். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். அதற்கு முன்னால் ஈயம் தோண்டும் சுரங்கமான லம்பத்தை ஒட்டிய ஆற்றில் மரத்தட்டு வைத்து ஈயம் அலசியவள். லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியதும் கட்டட வேலைக்கு வந்துவிட்டாள். புருஷன் இறந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை. நாங்கள் பாசார் மலாயில், கடைத்தெருவில் எல்லோரும் பேசும் கொச்சை மலாயில், பேசிக்கொள்வோம். நான் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுவேன். அவள் தோளில் ஒரு கழி போட்டு இரண்டு பக்கமும் வாளி தொங்கவிட்டு ஏறுவாள். நான் செய்வதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு. ஒருநாள் கழியை வாங்கி நான் தூக்கிப் பார்த்தேன். வாளிகள் ஆடிய ஆட்டத்தில் கலவையெல்லாம் என் கால்மேல் கொட்டியது. அவள் என் சட்டியைத் தலையில் வைத்து நாலடி நடப்பதற்குள் இறக்கி வைத்துவிட்டாள். அவ்வளவுதான். அவரவர் வழியிலேயே சுமந்தோம்.

கட்டடம் தகரத்துக்கு மேலே எழும்பியதும், சாலைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் நான் தெரிவேன். டாக்சிக்காரர்களில் ஒருவன் என் கணவரிடம் எல்லோர் முன்னிலையிலும் கேட்டிருக்கிறான்: "என்னா மச்சான், நம்ம சோத்துல மண்ணப் போட்ட எடத்துக்கு ஒன் பொஞ்சாதியே கல்லு செமக்குறாளே?" இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். காலையில் கொண்டுவந்து விடுவதும் நின்றது. நான் பஸ்ஸில் போனேன். ஒரே அறையில் இருந்துகொண்டு பிள்ளைகள் மூலமாகப் பேசிக்கொண்டோம்.

மூன்றாவது மாடிக்குத் தளம் போட்டபோது ஆ சோ விழுந்தாள். சாய்த்துப் போட்டிருந்த பலகை நடுவில் முறிந்து, கழியும் வாளியுமாகக் கீழே இருந்த மணல் குவியலில் போய் விழுந்தாள். மணல் இல்லாவிட்டால் செத்திருப்பாள். தோளும் கையும் ஒரு மாதிரி திரும்பிக் கிடந்தன. மேஸ்திரி லாரியைத் தேட ஆள் அனுப்பினார். நான் கேட்டுக்கு ஓடி, சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினேன். வரிசையில் முதல் வண்டி வேறு யாருடையதோ. பின்னால் நின்ற என் கணவர் வண்டியைத் திருப்பி, சாலையின் நடுத்திட்டில் ஏற்றி இறக்கி, நேரே கேட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். ஈரக் கலவையோடு அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்தோம். வழி முழுக்க ஹாரனை அழுத்திய கையை அவர் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அவர் என்னிடம் பேசினார்.

"அந்தச் சீனம்மாவுக்கு யாரும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"அப்ப நாளைக்கு சோறு கொண்டாரணும்லா."

மறுநாள் நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அவர்தான் கொண்டுபோனார். அந்த வார்டில் இருந்த சீனப் பெண்கள் அவரை யாரென்று கேட்டதற்கு, ஆ சோ தன் தம்பி என்று சொன்னாளாம். என்னிடம் அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கட்டடம் முடியும் தறுவாயில் வீட்டுக்கு மனு வாங்கினார்கள். நான் கொடுத்தேன். ஆ சோவையும் அழைத்துப் போனேன். குடும்பத்துக்குத்தான் வீடு, தனி ஆளுக்கு இல்லை என்றார்கள். அதே யாழ்ப்பாணத்து ஐயாவிடம் போய்க் கேட்டேன். இந்தக் கட்டடத்தில் கல் சுமந்து கை போனவள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்கு விளங்குது அம்மா. சட்டம் அப்பிடித்தான் கிடக்கு" என்றார். நான் ஆ சோவிடம் அதை மலாயில் சொன்னேன். அவள் "தாப்பா" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். எனக்குப் பரவாயில்லை என்று இருக்கவில்லை.

குலுக்கலில் எங்களுக்கு மேல்மாடியில் வீடு விழுந்தது. என் கணவர் வரமாட்டேன் என்றார்.

"நாளைக்கு நாலு பேரு என்னா சொல்லுவாங்க? சண்ட போட்டவன் முதல் ஆளா குடி போறான்னு சொல்லமாட்டாங்க?"

"மழ பேஞ்சா அந்த நாலு பேரா வந்து தண்ணி எறைக்கிறாங்க? நான் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்க வர்றப்ப வாங்க."

ஒரு லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். அழுகை வந்தது, ஆனால் பிள்ளைகள் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததால் அழ நேரமில்லை. சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவர் வந்தார். கையில் சவரப் பெட்டியும் இரண்டு சட்டையும். அறைகளைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்கேருந்து சிக்னல் தெரியுதே" என்றார்.

தண்டவாளம் வளையும் இடம்வரைக்கும் தெரியும். சிக்னல் கை இறங்கினால் வண்டி வரப் போகிறது என்று அர்த்தம். தாமதமாகும் வண்டிக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். டாக்சிகள் கட்டடத்தின் தூண்களுக்கு நடுவே திரும்ப வந்து நின்ற பிறகு, என் பிள்ளைகள் ஜன்னலில் நின்று "வண்டி வருது" என்று கத்துவார்கள். கீழே எல்லோரும் கார்க் கதவைச் சாத்திக்கொண்டு நிலையத்து வாசலுக்குக் கிளம்புவார்கள். சட்டையைப் பிடித்தவனும் மேலே பார்த்துக் கேட்பான், "வருதா தம்பி?"

வீட்டில் குறை இல்லாமல் இல்லை. காலையில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது. சரக்கு வண்டி போனால் அலமாரித் தட்டுகள் கலகலக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தபோது சவப்பெட்டியைப் படிக்கட்டில் திருப்ப முடியாமல் பட்ட பாடு பெரிய பாடு. ஆனால் சமைக்கிற இடம் காய்ந்து கிடந்தது.

ஆ சோவுக்குக் கை முழுதாக நிமிரவில்லை. தைப்பிங்குக்குப் பக்கத்தில் கமுந்திங்கில் தொழிற்சாலைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலையாட்கள் தங்கும் கொங்சியில் சமையல் செய்யப் போனாள். ரயிலில் வந்து எங்களைப் பார்ப்பாள். ஒரு தீபாவளிக்கு ஒரு வாரம் தங்கினாள். என்ன உறவு என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். இவருடைய அக்கா என்றேன்; அவர் மறுக்கவில்லை. இங்கேயே இரு என்று இருவரும் சொல்லிப் பார்த்தோம். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள்.

பிறகு வருவது குறைந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம் வரவே இல்லை. நானும் அவரும் தேடிப் போனோம். கொங்சியைப் பிரித்துவிட்டிருந்தார்கள். புதிதாக எழுந்த தொழிற்சாலையின் காவலாளி, ஆட்கள் பினாங்குப் பக்கம் வேலைக்குப் போனதாகச் சொன்னார். வேறு யாருக்கும் தெரியவில்லை. ரயிலேறத் தைப்பிங் நிலையத்துக்குத் திரும்பி வந்தபோது நல்ல மழை. வண்டி தாமதம் என்றார்கள். நிலையத்துக்கு எதிரே ஒரு சீனக் கடையில் உட்கார்ந்து மீ நூடுல்ஸ் சாப்பிட்டோம். பிள்ளைகள் இருவருக்கும் இரண்டு பொட்டலம் கட்டச் சொன்னவர், கூடுதலாக இன்னொன்றும் வாங்கினார். அதுவும் பிள்ளைகளுக்கு என்றார்.