கருகிய சொஜ்ஜிக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை

அடிப்பிடித்த சொஜ்ஜியின் காந்தல் வாசனை, எத்தனை ஏலக்காய் தட்டிப் போட்டாலும் அடங்காது. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, பாகூரில் எங்கள் வீடு முழுக்க அதுதான் நிறைந்திருந்தது.

பெண் வீட்டுப் பலகாரத்தைக் குறை சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முன்பு வந்த இரண்டு கூட்டமும் தட்டை வழித்துத் தின்று, "அமிர்தம்" என்று புகழ்ந்துவிட்டுப் போனவர்கள்தான், பதிலே வரவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் இரண்டாம் தாரமாகத்தான் கொடுக்கவேண்டும் என்று அம்மா அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பதற்றத்தில்தான் அக்காவின் சட்டி கருகியது.

மாப்பிள்ளை கடலூரில், அதாவது "இங்கிலீஷ் சீமை"யில், பள்ளிக்கூட வாத்தியார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் யாருக்கு இங்கிலீஷ் தெரியப்போகிறது என்ற தைரியத்தில், ஒரு வாய் தின்றதும் பக்கத்திலிருந்த சிநேகிதரிடம் "அபாமினபிள்" என்றார். சிநேகிதர் சிரித்துவிட்டார்.

கதவோரம் நின்ற அக்கா, "அதுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டுவிட்டாள்.

பெண் பார்க்கும் இடத்தில் பெண் வாய் திறப்பதா! அப்பாவின் முகம் சிவந்தது. பிரமாதம் என்று அர்த்தம் என மாப்பிள்ளை சொல்லியிருந்தால் எங்களில் யாருக்குத் தெரியும்? பாவம், அந்த மனிதருக்குப் பொய் வரவில்லை.

"மோசம்னு சொன்னா பத்தாதுங்க. வாயில வைக்கவே கூசுற அளவுக்கு மோசம்னு அர்த்தம்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அப்பா எழுந்துவிட்டார். அக்காவோ, "நெசந்தாம்பா, அடி கருகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, "இவரையே கட்டிக்கிறேம்மா. புகழ்ந்தவங்கல்லாம் இன்னா செஞ்சாங்க?" என்றாள். அதற்குள் வெளியே அவரும், யாரும் கேட்காமலே, பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தை மாதமே கல்யாணம்.

அந்த வார்த்தையை நாங்கள் வெயிலுக்கும் சொன்னோம், பாகற்காய்க்கும் சொன்னோம். மாமாவுக்குக் கோபம் வரும். "அது பெரிய வார்த்தை. சின்னதுக்கெல்லாம் செலவு பண்ணாதீங்க" என்பார். "சொஜ்ஜிக்குச் செலவு பண்ணவரு சொல்றாரு, கேட்டுக்கோங்க" என்பாள் அக்கா. அவர் வாய்க்குப் பயந்தே அவள் கைப்பக்குவம் ஊர் மெச்ச வளர்ந்தது என்பது என் எண்ணம்.

மாமா காலமாகி வெகுநாள் ஆகவில்லை. போன மாதம் அக்கா வீட்டில் சாப்பிட்டேன். குழம்பில் உப்பே இல்லை. பேரப்பிள்ளைகள் "சூப்பர்" என்றார்கள்; நானும் நன்றாயிருக்கிறது என்றேன். அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லா இல்லேன்னு சொல்ல இருந்த ஒரே ஆளும் பூட்டாருடி" என்றாள்.